ஒழுங்கீனக் குற்றச்சாட்டில் பணிநீக்கம்: சார்ஜ் மெமோ முதல் தீர்ப்பு வரை, சென்னைத் தொழிலாளிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பணிநீக்க உத்தரவோடு தொழிற்சங்க அலுவலகத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் முன்பே கேட்பது, “எப்போது கேஸ் போடலாம்?” என்பதுதான். நான் பதிலுக்குக் கேட்பது, “விசாரணையில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்?” என்பது. பெரும்பாலும் அதற்குப் பதில் வராது. அம்பத்தூர், கிண்டிப் பக்கத்துத் தொழிலாளர்களின் கோப்புகளைப் பல ஆண்டுகளாகப் புரட்டியதில் எனக்குத் தெரிந்தவரை, இந்த வழக்குகளில் பாதிக்கு மேல் நீதிமன்றப் படியேறும் முன்பே முடிவாகிவிடுகின்றன. சார்ஜ் மெமோ எனப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்குத் தந்த பதிலும், நிறுவனம் நடத்தும் உள்விசாரணையின் தாளில் ஏறிய வாசகங்களும்தான் அவற்றைத் தீர்மானிக்கின்றன. எனவே இந்த வழிகாட்டி பணிநீக்கத்திலிருந்து தொடங்காமல் அதற்கு முந்தைய கட்டத்திலிருந்து தொடங்குகிறது. உத்தரவு ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் முதல் இரண்டு பகுதிகளைப் படித்துவிட்டு 7-ஆம் பகுதிக்குச் செல்லலாம்.

சட்டம் பற்றி முன்கூட்டியே ஒன்று சொல்ல வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்துக்குப் பதிலாக, 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 21.11.2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பணிநீக்கத்தைப் பற்றிய அடிப்படை நெறிகள் அதிகம் மாறவில்லை, காலக்கெடுக்கள் மாறியுள்ளன. பழைய சட்டத்தின் 2ஏ பிரிவில் நீதிமன்றத்தை அணுகப் பணிநீக்க நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் இருந்தன. புதிய தொகுப்பில், தகராறு எழுந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால், இரு தரப்பையும் அழைத்துப் பேசும் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி அதை எடுக்கவே முடியாது. பழைய மூன்றாண்டுக் கணக்கை நம்பி உட்கார்ந்திருக்காமல், உங்கள் பணிநீக்கம் எந்தத் தேதியில் நடந்திருந்தாலும் குறுகிய கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தச் சட்டம், எந்த அலுவலகம் என்பதை முதலில் தீர்மானித்தல்

தவறான கதவைத் தட்டி ஓராண்டை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை முதல் படியாக வைக்கிறேன். கேள்விகள் மூன்று.

முதலாவது, சட்டத்தின் பார்வையில் நீங்கள் தொழிலாளியா என்பது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மேற்பார்வைப் பணியில் இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர்களும் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே இருக்கிறார்கள். பழைய சட்டத்தில் அந்த வரம்பு 10,000 ரூபாய். ஆனால் அடையாள அட்டையில் ‘எக்சிகியூட்டிவ்’ என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் ஒருவர் அதிகாரி ஆகிவிடுவதில்லை. நீங்கள் யாருக்காவது விடுப்பு வழங்கினீர்களா, யார் மீதாவது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இருந்ததா, நாள் முழுவதும் கையால் செய்த வேலை என்ன என்பவற்றையே நீதிமன்றம் பார்க்கும். பதவிப் பெயரைக் கண்டு தாமாகவே ஒதுங்கிக்கொள்பவர்கள் பலர்.

இரண்டாவது, மத்திய அரசின் எல்லையா, மாநில அரசின் எல்லையா என்பது. வங்கி, காப்பீடு, துறைமுகம், ரயில்வே போன்றவை மத்திய அரசின் எல்லைக்குள் வருவதால் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் உள்ள சாஸ்திரி பவனுக்குச் செல்ல வேண்டும். பெரும்பாலான தனியார் ஆலைகள் மாநிலத் தொழிலாளர் துறையின் கீழ் வருகின்றன. அத்துறையின் தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. வேலை பார்த்த இடமே எல்லையைத் தீர்மானிக்கும். ஒரகடத்தில் வேலை பார்த்தவர், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அண்ணா சாலையில் இருக்கிறது என்பதற்காகச் சென்னை அதிகாரியிடம் மனு கொடுத்தால், அது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குரியது என்று திரும்பி வரும்.

மூன்றாவது, கடை அல்லது வணிக நிறுவனமா என்பது. தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருப்பவருக்கு 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் தனியாக ஒரு மேல்முறையீட்டு வழி உண்டு. ஆறு மாதங்கள் தொடர்ந்து பணியாற்றியவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இன்றி நீக்கக்கூடாது. ஒழுங்கீனம் என்றால் விசாரணையில் பதிவான சாட்சியம் இருக்க வேண்டும். இந்த மேல்முறையீட்டுக்கு, உத்தரவு கையில் கிடைத்ததிலிருந்து 30 நாள்கள்தான் கெடு. இந்த வழி, தொழில் தகராறு வழி ஆகிய இரண்டிலும் ஒரே நேரத்தில் கால் வைக்காமல், ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதிலேயே செல்ல வேண்டும்.

2. முன்கூட்டியே தேவைப்படுபவை

நியமன ஆணை, கடைசி ஆறு மாத ஊதியச் சீட்டு, அடையாள அட்டையின் இரு பக்க நகல், நிறுவனத்தின் நிலையாணைகள், வைப்பு நிதிக் கணக்குப் பதிவேடு, உங்களுக்கு முன்பு தரப்பட்ட பாராட்டு அல்லது எச்சரிக்கைக் கடிதங்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். தபால் உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். கடிதத்தில் 3-ஆம் தேதி என்று அச்சிட்டு 19-ஆம் தேதி அஞ்சல் செய்திருக்கும் நிர்வாகங்கள் உண்டு. அதைக் காட்டிக்கொடுப்பது உறையின் மீதுள்ள அஞ்சல் முத்திரை மட்டுமே.

நிலையாணைகள் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். எந்தெந்தச் செயல் ஒழுங்கீனம் என்ற பட்டியல் அதில்தான் இருக்கிறது. பட்டியலில் இல்லாத செயலை ஒழுங்கீனம் என்று தண்டிக்க முடியாது என 1983-இல் கிளாக்சோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. புதிய தொகுப்பில் 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே நிலையாணைகள் கட்டாயம். சிறிய நிறுவனம் என்றால் நியமன ஆணையின் நிபந்தனைகளைப் பாருங்கள்.

இவற்றோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் வேண்டும். யார், எப்போது, எங்கே, என்ன சொன்னார் என்பதை அன்றன்றைக்கே தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது நினைவு கைகொடுக்காது.

3. குறிப்பாணைக்குப் பதில் எழுதுதல்

சார்ஜ் மெமோ என்று எல்லோரும் சொல்லும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால், ‘வாங்க மறுத்தார்’ என்பது இரண்டாவது குற்றச்சாட்டாகச் சேரும். வாங்கியதும் கையொப்பத்தின் கீழ்த் தேதியையும் நேரத்தையும் நீங்களே எழுதுங்கள்.

பதிலை மூன்று அடுக்காக அமைக்கலாம். குறிப்பாணையில் குறிப்பிட்டிருக்கும் ஆவணங்களின் நகலையும் புகார்க் கடிதத்தையும் சாட்சிப் பட்டியலையும் கேட்பது முதல் அடுக்கு. ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எண் வாரியாக மறுப்பது அடுத்தது. உங்கள் தரப்பில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வது கடைசி. தேதி, நேரம், இடம் இல்லாமல் ‘தொடர்ந்து ஒழுங்கற்று நடந்துகொண்டீர்கள்’ என்று மட்டும் குறிப்பாணை இருந்தால், அந்தக் குறையை இந்த முதல் பதிலிலேயே பதிவு செய்யுங்கள். பின்னால் சொன்னால் வழக்குக்காக யோசித்துச் சொன்னது போலாகிவிடும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு மன்னிப்புக் கடிதம். “மன்னிப்பு எழுதிக் கொடு, விட்டுடறோம்” என்று மனிதவளப் பிரிவில் தேநீர் கொடுத்துச் சொல்வார்கள். எழுதிக் கொடுத்த தாள், மூன்று வாரம் கழித்து விசாரணையில் நிர்வாகத்தின் முதல் ஆவணமாக வந்து நிற்கும். ராஜினாமாக் கடிதம் இன்னும் மோசம். அது வந்துவிட்டால் பணிநீக்கமே நடக்கவில்லை என்று நிர்வாகம் சொல்லும். வற்புறுத்தி வாங்கிவிட்டார்கள் என்றால், அன்று இரவுக்குள் அதைத் திரும்பப் பெறுவதாக நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, மறுநாள் காலையில் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பிவிடுங்கள்.

சம்பவம் கண்காணிப்புக் கேமராவின் எல்லைக்குள் நடந்திருந்தால், அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதே பதிலில் கேளுங்கள். பழைய பதிவுகளின் மேலேயே புதியவை ஏறிக்கொண்டிருக்கும். நீங்கள் கேட்டு அவர்கள் தராமல் போனால் அதுவும் உங்களுக்குச் சாதகமான ஒரு வாதம்.

4. சஸ்பென்ஷனும் பிழைப்பூதியமும்

இடைநீக்கம் தண்டனை அல்ல என்பதால் அந்தக் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு. 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டத்தின்படி முதல் 90 நாள்களுக்கு ஊதியத்தில் 50 சதவீதம், 180 நாள்கள் வரை 75 சதவீதம், அதற்கு மேல் முழு ஊதியம். தாமதத்துக்கு நீங்கள் காரணமாக இருந்தால் உயர்வு கிடைக்காது. ஆகவே விசாரணைக்கு வாய்தா கேட்கும் ஒவ்வொரு முறையும் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். வேறு வேலையில் சேர்ந்தால் உரிமை போய்விடும். புதிய தொகுப்பு, இடைநீக்க நாளிலிருந்து சாதாரணமாக 90 நாள்களுக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது.

பிழைப்பூதியம் வராவிட்டால் பொறுத்துக்கொள்ளாமல் மாதம் தவறாமல் கடிதம் எழுதுங்கள். அது தரப்படாததால் விசாரணைக்கு வர வசதியில்லாமல் போன தொழிலாளியின் மீது ஒருதலையாக நடத்திய விசாரணை செல்லாது என்று 1999-இல் கேப்டன் பால் அந்தோணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடிதம் இல்லாமல் இந்த வாதத்தை எடுக்க முடியாது.

5. உள்விசாரணை

இந்தப் பகுதியைத்தான் இரண்டு முறை படிக்கச் சொல்வேன். விசாரணை அதிகாரி நிறுவனம் பணம் கொடுத்து அமர்த்திய வழக்கறிஞராக இருப்பார். அதனால் மட்டும் விசாரணை கெட்டுவிடாது. “அவர்கள் ஆள்தானே, போய் என்ன ஆகப்போகிறது?” என்று போகாமல் இருப்பவர்களே ஏமாறுகிறார்கள். போகாவிட்டால் விசாரணை ஒருதலையாக முடியும், எதிர்க் கேள்வி கேட்காத சாட்சியம் அப்படியே நிற்கும், தொழிலாளர் நீதிமன்றம் பின்னால் அந்தத் தாள்களைத்தான் படிக்கும்.

நேர்மையான விசாரணைக்கு என்னென்ன வேண்டும் என்பதை 1963-இல் சுர் எனாமல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றச்சாட்டு தெளிவாகத் தெரிவிக்கப்பட வேண்டும். சாட்சிகள் தொழிலாளியின் முன்னிலையில் விசாரிக்கப்பட வேண்டும். குறுக்கு விசாரணைக்கும் தன் தரப்புச் சாட்சிக்கும் வாய்ப்புத் தர வேண்டும். அறிக்கையில் முடிவுக்கான காரணங்கள் இருக்க வேண்டும். இவற்றில் எது மீறப்பட்டாலும் அந்த நாளிலேயே, அந்தத் தாளிலேயே ஆட்சேபணை ஏற வேண்டும்.

முதல் அமர்விலேயே உதவியாளரைக் கேளுங்கள். நிலையாணைகள் பெரும்பாலும் சக தொழிலாளியையோ நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தின் நிர்வாகியையோ அனுமதிக்கின்றன. வழக்கறிஞர் உரிமையாகக் கிடைக்க மாட்டார். ஆனால் நிர்வாகத்தின் தரப்பை நடத்துபவர் சட்டம் படித்தவராக இருந்தால் நீங்களும் வழக்கறிஞரைக் கேட்கலாம். அதை மறுப்பது நியாயமான வாய்ப்பை மறுப்பதாகும் என்று 1982-இல் பம்பாய்த் துறைமுக வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர் நடவடிக்கைகளைத் தமிழில் எழுதும்படி கேட்க வேண்டும்.

அடுத்தது குறுக்கு விசாரணை. புதியவர்கள் சாட்சியிடம் சண்டை போடுகிறார்கள்: “நீ பொய் சொல்றே” என்பார்கள், “இல்லை” என்று பதில் வரும், அந்த இரண்டு வரியும் பதிவாகும்; பயன் ஒன்றும் இல்லை. நான் உதவியாளராக அமர்ந்த ஒரு விசாரணையில், பிரஸ் ஷாப்பில் இரவு ஷிஃப்டில் இரண்டரை மணி முதல் மூன்றரை மணி வரை தூங்கினார் என்பது குற்றச்சாட்டு. தூங்கினாரா என்று மேற்பார்வையாளரிடம் நாங்கள் கேட்கவே இல்லை. அவரிடம் போன கேள்விகள் இவைதான்: அந்த இயந்திரத்தில் அவரைத் தவிர வேறு யாராவது இருந்தார்களா? இல்லை. உற்பத்தி அட்டையை மணிக்கு மணி நிரப்புவது யார்? ஆபரேட்டர். அதைச் சரிபார்த்துச் சுருக்கொப்பம் இடுவது யார்? நான்தான். மூன்று மணிக் கட்டத்திலும் நான்கு மணிக் கட்டத்திலும் இருப்பது உங்கள் சுருக்கொப்பமா? ஆமாம். இரண்டிலும் உருப்படி எண்ணிக்கை எவ்வளவு? அவர் அட்டையைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். வழக்கமான எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமல் நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். அந்த அட்டையின் நகலைக் குறிப்பாணைக்கான பதிலிலேயே கேட்டு வாங்கியிருந்ததால்தான் இது முடிந்தது.

கையொப்பம் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். வேறொரு கோப்பில், மூன்றாம் அமர்வுத் தாளின் கடைசி வரி, ‘குறுக்கு விசாரணை செய்ய விரும்பவில்லை எனத் தொழிலாளி தெரிவித்தார்’ என்று இருந்தது. அதன் கீழே அவருடைய கையொப்பமும் இருந்தது. கேட்டபோது, “அஞ்சு மணிக்கு கம்பெனி பஸ் கிளம்பிடும் தோழர், சீக்கிரம் போடுங்கன்னாங்க, போட்டுட்டேன்” என்றார். ஒவ்வொரு பக்கத்தையும் படித்து முடிக்கும் வரை கையொப்பம் இடாதீர்கள். தவறு இருந்தால் கையொப்பத்துக்கு மேலே, ‘9-ஆவது கேள்விக்கு நான் சொன்ன பதில் விடுபட்டுள்ளது, சாட்சி அப்போது தான் அங்கே இல்லை என்றே சொன்னார்’ என்று உங்கள் கையால் எழுதி அதன் பின்பு கையொப்பம் இடுங்கள். எழுத விடவில்லை என்றால் வாயிலைத் தாண்டியதும் அலைபேசியிலிருந்தே விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நகல் வாங்காமல் எந்த அமர்விலிருந்தும் வெளியே வராதீர்கள்.

நிர்வாகம் ஒரு தாளைக் கொடுத்து ‘இது ஆவணம்’ என்றால் போதாது. அதை எழுதியவரோ அறிந்தவரோ வந்து மெய்ப்பிக்க வேண்டும். காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கையை மட்டும் சாட்சியமாக வைத்துக்கொள்ள முடியாது என்று 2008-இல் ரூப்சிங் நேகி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. திருட்டு, கைகலப்பு போன்ற குற்றச்சாட்டுகளில் குற்ற வழக்கும் உள்விசாரணையும் ஒரே நேரத்தில் நடக்கலாம். குற்ற வழக்கில் விடுதலையானால் வேலை தானாகத் திரும்பி வராது, ஏனெனில் உள்விசாரணைக்குத் தேவையான மெய்ப்பு அளவு குறைவு. பாலியல் துன்புறுத்தல் புகார்கள் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ளகக் குழுவுக்குப் போகும். அதன் பரிந்துரைக்கு எதிரான மேல்முறையீட்டுக்கு 90 நாள்கள் கெடு என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

6. அறிக்கைக்கும் தண்டனைக்கும் இடையில்

குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாக அறிக்கை வந்தால் அதன் நகலை உங்களுக்குக் கொடுத்து, கருத்துக் கேட்ட பின்பே நிர்வாகம் தண்டனையை முடிவு செய்ய வேண்டும். 1993-இல் கருணாகர் வழக்கில் வந்த தீர்ப்பு இதைச் சொல்கிறது. நகல் தராததால் உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பையும் நீங்கள் காட்ட வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்வதை மறக்க வேண்டாம்.

இந்தப் பதிலில் இரண்டு விஷயங்கள் இருக்கட்டும். அறிக்கை எந்தச் சாட்சியத்தைப் பார்க்காமல் விட்டது என்பதைப் பக்க எண்ணோடு காட்டுங்கள். பணிக்காலம் எவ்வளவு, முன்பு தண்டனை ஏதாவது உண்டா, குடும்பத்தின் நிலை என்ன, இதே செயலுக்கு மற்றவர்களுக்கு என்ன தண்டனை தரப்பட்டது என்பவற்றையும் எழுதுங்கள். தண்டனை மிகையானது என்ற பிற்கால வாதத்துக்கு இதுவே அடிப்படை.

7. உத்தரவு வந்த முதல் வாரம்

உத்தரவு கிடைத்த நாளைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் நிர்வாகத்துக்கு மீண்டும் வேலை கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். கோரிக்கையே வரவில்லை என்று சமரசத்தில் நிர்வாகம் சொல்லும் வாய்ப்பை இது அடைக்கிறது.

பின்பு, நீங்களும் சம்பந்தப்பட்ட ஊதிய உயர்வு போன்ற வேறு தகராறு அந்த நேரத்தில் சமரசத்திலோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருந்ததா என்று சங்கத்திடம் விசாரியுங்கள். இருந்திருந்தால், நிர்வாகம் ஒரு மாத ஊதியத்தைக் கொடுத்து, தன் செயலுக்கு ஒப்புதல் கேட்டு அந்த அதிகாரியிடம் மனுவும் போட்டிருக்க வேண்டும். ஒப்புதல் பெறாத பணிநீக்கம் செல்லாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வென்றிருக்க வேண்டிய வழக்கை நீட்டி இழுத்தவர்கள் உண்டு.

வங்கிக் கணக்கில் ஏதாவது தொகை வந்தால், ‘என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், வழக்கின் முடிவுக்கு உட்பட்டுப் பெறுகிறேன்’ என்று எழுதித் தெரிவியுங்கள். முழு இறுதித் தீர்வு என்று அச்சிட்ட படிவத்தில் கையொப்பம் கேட்டால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.

8. சமரச அதிகாரியின் முன்

பணிநீக்கம் தனிநபர் பிரச்சினையாக இருந்தாலும் சட்டப்படி அது தொழில் தகராறு. சங்கம் எழுப்பித் தர வேண்டிய கட்டாயமில்லை. மனு இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும்: வேலையில் சேர்ந்த தேதி, கடைசி ஊதியம், குற்றச்சாட்டு, விசாரணையின் குறைகள், உத்தரவுத் தேதி, கோரிக்கை. கோரிக்கையில், மீண்டும் பணி, பணித்தொடர்ச்சி, முழுப் பின்னூதியம் (வேலையில் இல்லாத காலத்துக்கான ஊதியம்), இதர பலன்கள் ஆகிய நான்கையும் எழுதுங்கள். உங்கள் நகலில் பெறப்பட்டதற்கான முத்திரையையும் தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர்கள் இங்கே ஆஜராக முடியாது. சமரச அதிகாரிக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் இல்லை. “அந்த அம்மா ஏன் கம்பெனியைத் திட்டவே மாட்டேங்கிறாங்க?” என்று கோபித்துக்கொண்டு வாய்தாவைத் தவறவிடுகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும், இரு தரப்பையும் பேசவைப்பதுதான் அவருடைய வேலை. நிர்வாகம் பதிலுரை தாக்கல் செய்தால் அதற்கு மறுப்புரை கொடுங்கள்.

பணம் கொடுத்து முடித்துக்கொள்ளும் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் எழும். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு நான் வாங்கிக்கொள்ளவே சொல்லியிருக்கிறேன். ஒப்பந்தத்தில் தொகை, பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை, பணம் தரும் தேதி, தவறினால் வட்டி, பணிக்கொடையும் வைப்பு நிதியும் தனி என்ற வாசகம், பணிநீக்கம் ராஜினாமாவாக மாற்றப்படுகிறது என்ற வரி, அனுபவச் சான்றிதழ் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியில் தனியாக எழுதிக்கொள்ளாமல் சமரச அதிகாரியின் முன்னிலையில் கையொப்பமிடுங்கள். அப்போதுதான் அதன்மீது அரசு வழியாகவே வசூலிக்க எளிது.

உடன்பாடு ஏற்படாவிட்டால் முறிவறிக்கை வரும். புதிய தொகுப்பின்படி சமரசம் தொடங்கிய 45 நாள்களுக்குள் அதிகாரி அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 90 நாள்களுக்குள் நீங்கள் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். இப்போதைக்கு மிக ஆபத்தான காலக்கெடு இதுதான். பழைய சட்டத்துக்குப் பழகிய சிலர் இன்னும் ‘மூணு வருஷம் இருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நம்பாதீர்கள். அறிக்கை வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

9. நீதிமன்ற மனு

புதிய தீர்ப்பாயங்கள் அமையும் வரை இப்போதுள்ள தொழிலாளர் நீதிமன்றங்களே மனுக்களைப் பெறுகின்றன. சென்னையில் அவை பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கின்றன. வழக்கறிஞருக்கு வசதி இல்லாதவர்கள் அதே வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தருகிறது. பலருக்கு இது தெரியாது.

மனுவில் மூன்று வாதங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும்: விசாரணை நேர்மையாக நடக்கவில்லை, நேர்மையானது என்றே வைத்துக்கொண்டாலும் சாட்சியத்திலிருந்து அந்த முடிவுக்கு வர முடியாது, முடிவு சரி என்றே வைத்துக்கொண்டாலும் தண்டனை மிகை. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் பழைய சட்டத்தின் 11ஏ பிரிவில் இருந்தது. புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. ஆனாலும் அது அளவற்ற அதிகாரம் அல்ல. 2005-இல் மேலதிகாரியைத் தகாத சொற்களால் திட்டிய ஒரு தொழிலாளியின் வழக்கில், பணிநீக்கம் மிகை என்ற கீழ்மன்றங்களின் முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனவே இந்த மூன்றாவது வாதத்தை மட்டும் நம்பி மற்ற இரண்டையும் மெலிதாக எழுதக்கூடாது.

பணிநீக்கத்துக்குப் பின் வருமானமுள்ள வேலை எதிலும் இல்லை என்பதை மனுவிலேயே சொல்லுங்கள். 2013-இல் தீபாலி குண்டு சுர்வசே வழக்கின் தீர்ப்பின்படி, தொழிலாளி அப்படிச் சொன்ன பிறகு அதை மறுத்து மெய்ப்பிக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்குப் போகிறது. இடையில் ஆட்டோ ஓட்டியோ நாள்கூலிக்குப் போயோ சமாளித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் வெளிவரும் பொய் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துச் சென்றுவிடும்.

10. சாட்சியக் கட்டம்

நீதிமன்றம் முதலில் உள்விசாரணை நேர்மையானதா என்பதைத் தனியாக, பூர்வாங்கப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளும். இதற்கு 5-ஆம் பகுதியில் சேர்த்த தாள்களும் மின்னஞ்சல்களும் பயன்படும். நேர்மையற்றது என்று முடிவானால் வென்றுவிட்டதாகக் கொண்டாட வேண்டாம். உங்கள் மனுவுக்குத் தரும் பதிலான எதிர்வுரையிலேயே அந்த வாய்ப்பைக் கேட்டு வைத்திருந்தால், நிர்வாகம் குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே புதிதாக மெய்ப்பிக்கலாம். 1983-இல் சம்புநாத் கோயல் வழக்கிலும் 2001-இல் லட்சுமிதேவம்மா வழக்கிலும் இது உறுதியானது. எதிர்வுரை வந்தவுடன் அந்தக் கோரிக்கை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பின்னால் கேட்கும்போது எதிர்த்து நில்லுங்கள்.

சாட்சி சொல்லும்போது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

11. தீர்ப்புக்குப் பின்

மீண்டும் பணி வழங்கத் தீர்ப்பானால் நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் என்றே எதிர்பாருங்கள். அந்த மனு நிலுவையில் உள்ள காலத்தில், கடைசியாகப் பெற்ற முழு ஊதியத்தை உங்களுக்குத் தர வேண்டும் என்பது பழைய சட்டத்தின் 17பி பிரிவு. புதிய தொகுப்பிலும் இதே பாதுகாப்பு உண்டு. இது தானாக வராது. வேறு நிறுவனத்தில் வேலை செய்யவில்லை என்று பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்து கேட்க வேண்டும். தாக்கல் செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தடை உத்தரவு எதுவும் இல்லையென்றால், தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு ஷிஃப்டு தொடங்கும் நேரத்தில் ஆலை வாயிலுக்குச் சென்று வேலைக்கு வந்திருப்பதாக எழுதிக் கொடுங்கள். துணைக்கு ஒரு சக தொழிலாளியை அழைத்துப் போங்கள். காவலாளி உள்ளே விடவில்லை என்றால் அவரோடு வாதாட வேண்டாம். நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு, அதே கடிதத்தை அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, ரசீதைக் கோப்பில் சேருங்கள். பின்னூதியக் கணக்கைக் கேட்டுப் போடும் மனுவில் அந்த ரசீதின் தேதியிலிருந்துதான் அடுத்த வரி தொடங்கும்.